இடைக்கால சபைக்கு ஒரு கேக்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஏறிய ரயிலில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்த இளையவர் திடீரென்று சத்தமாகச் சொன்னார்:

"அண்டைக்கு நான் அந்தக் கேக்கைக் கொண்டு போயிருக்கக் கூடாது, அண்ணை."

"என்ன கேக்?"

"ஊரில சண்டை நிண்டிட்டுது, இடைக்கால சபை வருகுது, பிறகு தேர்தல், எங்கட ஆக்களே ஆளப்போகினம் எண்டு ரேடியோவில சொன்னவங்கள் எல்லே? நல்ல சேதி எண்டா வேலை இடத்துக்குக் கேக் கொண்டு போறதுதானே இங்கத்தைய வழக்கம். பக்டரியில எல்லாருக்கும் நானே வெட்டிக் குடுத்தன்."

"அதில என்ன பிழை?"

"அந்தச் சபை ஒரு நாள் கூட இருந்து கதைக்கேல்லை. ஆர் தலைவர் எண்டு பிடுங்குப்பட்டதோட சரி. இப்ப ஊரில திரும்பவும் சண்டை, செல்லடி. மனுசியையும் பிள்ளையையும் இங்க எடுக்கிறதுக்குக் குடுத்த விண்ணப்பம் அப்பிடியே கிடக்கு. குடிவரவு ஒப்பீசில கேட்டா, உங்கட நாட்டில சமாதானம் வந்திட்டுதாம், பொறுக்கட்டாம்!"

"மெதுவாக் கதை தம்பி. சனம் பாக்குது."

"பாக்கட்டும்! இல்லாத சபையைக் காட்டி என்ர பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். அது அங்க பங்கருக்குள்ள கிடக்குது."

கையால் யன்னலில் ஓங்கி அடித்தார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"பக்டரியில வேலை செய்யிற டெனிஷ்காரரிட்டையாவது சொல்லிப் பாரன். அவை நியாயம் கேப்பினம்."

"சொன்னன் அண்ணை. நம்புறாங்கள் இல்லை. 'சமாதானம் வந்திட்டுது எண்டுதானே நீ எங்களுக்குக் கேக் தந்தனீ?' எண்டு கேக்கிறாங்கள்."