ஏழு பூட்டும் திறந்தாச்சு

கோழிக்குத் தீனி போட நான் ஒரு நாள்கூட மறக்கல மாமா. அத முதல்ல சொல்லிடுறேன். ஏன்னா அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கிளம்பும்போது என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். "ஏய் வாலு, டேப் கேம்ல என் ஊர பாத்துக்கோடி. கோழிக்குத் தீனி, செடிக்குத் தண்ணி. வேற எதுலயும் கை வைக்காத." சரின்னேன். ஒரு நாள் முழுக்க கை வைக்கவும் இல்ல.

நல்ல ஊருதான், குறையே சொல்ல மாட்டேன். டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொன்ன அஞ்சு மாசமும் அக்கா அந்த கேம்லதான் ஊரு கட்டினா. அறுபத்திமூணு பேரு, எல்லாம் நம்ம சொந்தக்காரங்க. மாவு மில்லுக்காரர் நீங்க, மீசைகூட வச்சு விட்டிருந்தா. எழுந்து சிரிக்கிறாங்க, ரொட்டி சுடுறாங்க, ஊஞ்சல் ஆடுறாங்க, மறுபடி சிரிக்கிறாங்க. எவ்ளோ நேரம் மாமா அதையே பாத்துட்டு இருக்கிறது?

கீழ ஒரு வரிசையில ஏழு கட்டடம், சாம்பல் கலர்ல, பூட்டு போட்டு. படைவீடு, குதிரை லாயம், காவல் கோபுரம், அப்படியே போகும். முதல் பூட்ட தொட்டா, இருபது பேர் பயந்தாதான் திறக்கும்னு வருது. அக்கா ஊர்ல எவனும் பயப்பட மாட்டான். பயப்பட அங்க என்ன இருக்கு? அந்தக் குறையத்தான் நான் சரி பண்ணேன்.

முதல்ல மூணு கோழிய எடுத்தேன். ஒருத்தரும் கண்டுக்கல. தெரு விளக்கெல்லாம் கழட்டினேன், ஆறு பேர் மூஞ்சி பயத்துல மஞ்சளாச்சு. வேலிக் கதவ திறந்து வச்சேன், ஓநாய் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான். பால்காரர கொண்டுபோயிடுச்சு. அப்புறம் பாத்தா அவங்களே கூட்டமா வந்து, படைவீடு கட்டிக் குடுங்கன்னு நிக்கிறாங்க. மக்களே கேக்கும்போது நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?

கட்ட சமமான நிலம் வேணும்னுச்சு. பள்ளிக்கூடத்த எடுத்துட்டேன்.

"என்னை என்னடி பண்ண?"ன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. லாயம் திறக்க முப்பது சிப்பாய் வேணும். பேக்கரிக்காரர், டீச்சர், நீங்க, கையில கிடைச்சவங்க எல்லாரும். உங்கம்மாவ கோபுரத்துல ஏத்தினேன், அவங்க கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே. பேக்கரி மூடினதுல ரொட்டி நின்னுபோச்சு, அதுல கொஞ்ச பேர் குறைஞ்சாங்க. அதுல பாதி அவங்க தப்பு. அத்தன பேர்ல ஒருத்தருக்காவது மாவு பிசையத் தெரிய வேணாமா?

ஏழாவது பூட்டுக்கு ஒரு போர் ஜெயிக்கணும். அக்காவோ எதிரியே இல்லாத தீவா பாத்து எடுத்திருக்கா. அதனால ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்கள எதிரின்னு குறிச்சேன். அங்க ஒரு சின்ன வீடு, உள்ள ஒரு காலித் தொட்டில், வாசல்ல அக்கா. முதல் வரிசையில நீங்கதான் போனீங்க மாமா. தயங்கவே இல்ல. எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஜெயிச்சோம். ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதானே, ஜெயிக்காம எப்படி?

இப்ப ஊர்ல நாலு பேர் இருக்காங்க. தொட்டில் அப்படியே இருக்கு. நான் எடுத்த கோழியில ஒண்ணு தானா திரும்பி வந்துச்சு, அதுக்குத் தீனி போட்டுட்டேன்.

உள்ள இருந்து அக்கா கூப்பிடுறா பாருங்க. "ஏங்க, அந்த டேப்ப கொண்டாங்க, பாப்பாவுக்கு அவ வீட்ட காட்டணும்." போய்க் குடுங்க. ஏன் அத நெஞ்சோட அணைச்சுட்டு நிக்கிறீங்க?

அக்கா வேலைக்குப் போக ஆரம்பிச்சா பாப்பாவ யாரு பாத்துக்கிறதுன்னு காலையில அம்மா கேட்டாங்க. நான்தான் முதல்ல கைய தூக்கினேன். அறுபத்திமூணு பேர ஒத்த ஆளா பாத்துக்கிட்ட அனுபவம் இந்த வீட்ல வேற யாருக்கு மாமா இருக்கு?