ஆறு மணிக் காற்றைப் பிடித்தவர்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தோழர்களே! இருமும் பிள்ளையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்மார்களே! காற்றை அளந்து கணக்கறியும் ஆய்வகப் பணியாளரான என் கனிவான வணக்கம்!

காற்று கண்ணில் படுமா? படாது. கையில் சிக்குமா? சிக்காது. அந்தச் சிக்காத காற்றைச் சிறைபிடித்தவர் உங்கள் தெருத் தையற்கார அக்கா!

பெயின்ட் தொழிற்சாலையின் சுவரை ஒட்டியது அவர் வீடு. விடிந்தால் நாற்றம், நாற்றம் வந்தால் தலைவலி. சோதிக்க வந்த அதிகாரி பகல் பதினொரு மணிக்குக் கருவியை வைத்தார். "காத்து சுத்தமா இருக்கும்மா" என்றார். அக்கா விட்டாரா? "சார், நாத்தம் ஆறு மணிக்கு வருது. நீங்க சாவகாசமா வர்ற வரைக்கும் அது வாசல்ல காத்துக்கிட்டு நிக்குமா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று அதிகாரி சிரிக்கவில்லை.

அக்காவிடம் நான் ஓர் எஃகுக் குடுவையைக் கொடுத்தேன். உள்ளிருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த குடுவை. அதன் வாயிலுள்ள திருகைத் திறந்தால் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அதைக் கண்டு கலங்கினார் அக்காவின் தம்பி. அதே தொழிற்சாலையில், பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் திரவத்தைத் தொட்டியில் நிரப்புகிறவர் அவர்.

"அக்கா, நீ இதைத் திறந்தா என் வேலைக்கு மூடி போட்டுடுவாங்க!"

"உன் மூச்சுக்கே மூடி போடுறாங்களேடா!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாற்றம் வந்தது. பாதி தைத்த சட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் ஓடினார் அக்கா. திருகைத் திறந்தார். ஆய்வகத்தில் நான் கண்டதென்ன? பென்சீன் என்னும் நச்சு ஆவி, வரம்பைப்போல் எட்டு மடங்கு!

அந்தக் கணக்கைக் கண்ட அதிகாரி விசாரணைக்கு அழைத்தார். அவர் முன்னிலையில் தொழிற்சாலை மேலாளர் மழுப்பினார்: "அது லாரிப் புகைங்க." அப்போது எழுந்தார் தம்பி. சொல் தடுமாறவில்லை.

"இல்ல சார். தொட்டி மூடியோட ரப்பர் கிழிஞ்சு கிடக்கு. தினமும் காலையில நிரப்புறப்ப ஆவி என் மூஞ்சியிலதான் அடிக்குது."

மறுவாரமே புது மூடி வந்தது. தம்பியின் வேலை போகவில்லை, முகக்கவசமும் கிடைத்தது. இன்று காலை மீண்டும் அளந்தேன், அன்பர்களே. பென்சீன் வரம்புக்குள்! வரம்புக்குள்! வரம்புக்குள்!

கைதட்டல் போதும், ஒரு வேண்டுகோள். நம்மைச் சுற்றி இன்னும் ஐந்து ஆலைகள். இந்த மேசைமேல் ஐந்து குடுவைகள். நம் மூச்சுக்கு நாமன்றி யார் சாட்சி? முதல் குடுவை யாருக்கு?

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை! அட, நம் தம்பியேதான்! வழிவிடுங்கள், மேடைக்கு வரட்டும்!

செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!