ஆணிக்கூடத்துக்குப் பொருத்தமானவர்கள்

செருப்புக்கடையில் நல்ல விற்பனையாளர் காலைப் பார்த்ததுமே அளவைச் சொல்லிவிடுவார். ஆள் எடுக்கும் வேலையும் அப்படித்தான், ஐயா. ஆணித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் அதைச் செய்தேன். யார் அலுவலகத்தில் நிலைப்பார், யார் வாயிற்காவலுக்குச் சரிப்படுவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன்.

ஆணி வெட்டும் கூடம் மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. அங்கே எட்டு இயந்திரங்கள், ஆளுக்கு ஒன்று. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். சேர்ந்தவர்கள் மூன்றே மாதத்தில் தலைவலி என்று ஓடிவிடுவார்கள். நிலைத்தவர் ஒரே ஒரு பெரியவர். ஒருநாள் இயந்திரங்கள் நின்றிருந்த தேநீர் இடைவேளையில் அவரிடம் கேட்டேன்.

“இந்தச் சத்தத்துல எப்படிண்ணே பதினோரு வருஷம் இருந்தீங்க?”

“சாப்பிட்டேன் தம்பி,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு விடை கிடைத்துவிட்டது.

அதன்பிறகு காதடைப்பான்களை நானே வாங்கினேன். ஓர் அளவு சிறியவை. காதில் நிற்கும், சத்தத்தை நிறுத்தாது. போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய செவிப் பரிசோதனைத் தாள்களையும் நானே நிரப்பினேன். முதல் வருஷத்தைத் தாண்டவேண்டுமே, அதனால் போக வேறு இடமில்லாதவர்களாகப் பார்த்து எடுத்தேன். மெல்ல மெல்லப் புகார்கள் நின்றன. யாரும் விலகவில்லை. முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தங்கையைக் கணவன் விட்டுவிட்டுப் போனான். எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பவள், வீட்டில் அவளை ரேடியோ என்போம்.

“எந்த வேலைன்னாலும் சரி அத்தான்,” என்றாள்.

அந்தக் கூடத்தில்தான் இடம் இருந்தது. சொந்தக்காரி என்று சலுகை காட்டவில்லை. அதே காதடைப்பானைத்தான் கொடுத்தேன்.

மூன்றாம் வருஷம் மனைவி சொன்னாள், “ஏங்க, ரேடியோ இப்பல்லாம் கத்திக் கத்திப் பேசறா, கவனிச்சீங்களா? பாட்டுகூட சுருதி விலகுது.”

“வேலை பழகிடுச்சு,” என்றேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் சரக்கு முற்றத்தில், பின்பக்கமாக வந்த லாரி மைத்துனிமேல் ஏறிவிட்டது. அங்கேயே போய்விட்டாள். ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் சார் வந்தேன். திரும்பியே பாக்கல.”

திரும்பியிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்போது என் மனைவி என்னோடு பேசுவதில்லை. இனிமேலும் பேசமாட்டாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கூடத்தின் மற்ற ஏழு பேரையும் கூப்பிட்டு விசாரியுங்கள். ஒருவர்கூட என்மேல் குறை சொல்லமாட்டார். கொஞ்சம் உரக்கக் கேட்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.