இரண்டு மிஸ் கோல்

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு எனக்குப் பிளேன்டீ வந்தது. சீனி கூடிப்போயிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்த நேரம் என் மடிக்கணினி சத்தமிட்டது. சத்தத்தை நிறுத்திவிட்டுத் தேநீரைக் குடித்தேன். நிமிடம்கூட எப்படி ஞாபகம் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. திரையில் இருந்தது.

என் பெயர் டிலக்ஷன். வயது நாற்பத்தொன்று. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் சங்கத்துக்கு ஆறு வருடமாக மென்பொருள் எழுதி வந்தேன்.

பெரிய வேலை இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் இறங்குதுறையில் பெயர் பதிவார்கள். திரும்பியதும் சங்கத்தின் இலக்கத்துக்கு ஒரு மிஸ் கோல் கொடுப்பார்கள். வந்த படகு, வராத படகு என்று மென்பொருள் பிரித்து வைக்கும். நேரம் தப்பினால் செயலாளருக்கு அறிவிக்கும்.

இன்னோர் ஏற்பாடும் இருந்தது. நாலு மைலுக்கு வெளியே போனால் தொலைபேசியில் கதை விளங்காது. மணி மட்டும் அடிக்கும். ஆகவே அடுத்தடுத்து இரண்டு மிஸ் கோல் வந்தால் எஞ்சின் நின்றுவிட்டது, உதவி வேண்டும் என்று அர்த்தம். நான் சேர்ந்த புதிதில் படகுக்காரர்களும் நானும் இறங்குதுறையில் நின்று பேசி முடிவெடுத்தது. "ஒண்டு எண்டா வந்திட்டம், ரெண்டு எண்டா வாங்க" என்பார்கள். ஆறு வருடத்தில் நாலு தரம் இரண்டு வந்தது. நாலு தரமும் ஆட்களைக் கூட்டிவந்தோம்.

இந்த ஏற்பாட்டை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, செயலாளருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. அதற்கான நிரல் சங்கத்தின் கணினியில் இல்லை, என் மடிக்கணினியில் இருந்தது. முழுவதையும் கையளித்துவிட்டால் பிறகு ஆளை எதற்கு வைத்திருக்கிறார்கள்? என் தொழிலில் இது எல்லாருக்கும் தெரியும்.

ஹுஸ்னியா ஆனி மாதம் வந்தாள். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். வயது இருபத்துநாலு. அவள் நிரல் எழுதி நான் பார்த்ததில்லை. ஏஐயிடம் கேட்பாள், அது எழுதும், அவள் வாசிப்பாள். பிழை என்றால் திரும்பக் கேட்பாள். வேலையை முழுக்க அதனிடமே விட்டிருந்தாள். ஒன்பது நாளில் புது மென்பொருள் ஓடியது. அலுவலகம் பூட்டிய பிறகு குடும்பத்தார் தொலைபேசியில் எடுத்தால் தமிழில் பதில் சொல்லும் குரலும் அதில் இருந்தது.

செயலாளர் வின்சன்ட் என்னை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் ஏழு மாசம் மினக்கெட்டதை இந்தப் பிள்ளை ஒன்பது நாளில முடிச்சிட்டுது. உம்மட புரோகிராமை வாசிச்சிட்டு ஏஐ விழுந்து விழுந்து சிரிச்சதாம்."

"அது சிரிக்காது சேர்," என்றாள் ஹுஸ்னியா. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பாள். வின்சன்டின் பகிடியைவிட அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியோடு நான் நிற்கலாம் என்றார்கள்.

அடுத்த நாள் விறாந்தையில் அவள் என்னிடம் வந்தாள். "சேர், பழைய பதிவில நாலு இடத்தில ஒரே நம்பர் ஒரு நிமிசத்துக்குள்ள ரெண்டு தரம் அடிச்சிருக்கு. ஏன்?"

நல்ல கேள்வி. கேட்கத் தெரிந்த பிள்ளை என்பதை நான் மறுக்கவில்லை.

"விரல் பட்டிருக்கும்," என்றேன். "ரெண்டையும் ஒண்டா எடும்."

அவள் நன்றி சொன்னாள். அன்று முதல் இரண்டு மிஸ் கோல் ஒன்றாயிற்று. ஒன்று என்றால் படகு கரைக்கு வந்துவிட்டது.

என் மடிக்கணினியை நான் நிறுத்தவில்லை. அது அந்த இலக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆடி மாதம் பதினோராம் நாள், நான் சொன்ன நேரத்துக்கு, நஸ்ரியின் படகிலிருந்து இரண்டு வந்தது. என் திரை சிவப்பானது. சங்கத்தின் திரையில் பச்சை விழுந்தது. என் நிரல் சரியாக வேலை செய்தது என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது கடல் கண்ணாடி மாதிரி. நஸ்ரியும் அவரோடு போன சஜீத்தும் நாலு மைலில் நின்றார்கள். ஒரு படகு போயிருந்தால் பகல் சாப்பாட்டுக்கு முன் கட்டி இழுத்து வந்திருக்கும். நான் அதை யோசித்தேன். அதையும் தாண்டி யோசித்தேன். உடனே சொன்னால் என்ன நடக்கும்? சின்னப் பிழை என்பார்கள். ஹுஸ்னியா ஏஐயிடம் ஒரு வரி சொல்வாள், ஐந்து நிமிடத்தில் திருத்திவிடும். எனக்குப் பிரியாவிடைக் கேக் வெட்டி அனுப்புவார்கள். பிழை கொஞ்சம் வளரவேண்டியிருந்தது. நாலு மணிக்குச் சொல்வதாக வைத்திருந்தேன்.

மூன்று பத்துக்கு நஸ்ரியின் மனைவி ரிப்கா தொலைபேசியில் அழைத்தாள். நான்தான் எடுத்துப் பேசினேன்.

"சேர், இவர் இன்னும் வரல்ல."

"வந்திட்டார் எண்டு கிடக்கு, தங்கச்சி. நிலாவெளிப் பக்கம் படகைக் கரையில ஏத்தியிருப்பார். கச்சான் காத்து நேரம் அப்பிடித்தானே."

"அப்ப சரி சேர். சோத்த மூடி வெக்கிறேன்."

நான் பொய் சொல்லவில்லை. வந்துவிட்டார் என்றுதான் அங்கே கிடந்தது.

நாலு மணிக்குக் கச்சான் காற்று பலத்துவிட்டது. கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று அது. எஞ்சின் இல்லாத படகு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரம் சொன்னால் நாலு மணித்தியாலம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பார்கள். ஆகவே காலைவரை விடுவதுதான் ஒழுங்காகப்பட்டது. ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ரிப்கா ஆறு தரம் எடுத்திருக்கிறாள். ஆறு தரமும் ஹுஸ்னியாவின் மென்பொருள் குரல்தான் பதில் சொன்னது. படகு கரைசேர்ந்துவிட்டது என்று. அது என் குரல் இல்லை.

காலையில் ரிப்காவின் ஆட்கள் வந்து நின்றார்கள். வின்சன்டுக்கு வேர்த்துக் கொட்டியது. ஹுஸ்னியா ஏஐயிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிவில் பிழை இல்லை என்றே அது சொன்னது. அதற்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மிஸ் கோல் ஒன்றாக எடுக்கப்பட்டிருந்ததைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். கொஞ்சம் தேடுகிறமாதிரியும் காட்டவேண்டியிருந்தது.

அவள் எழும்பி நின்றாள். "சேர், ஒண்டா எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

"எழுதி வைச்சிருக்கிறீரோ?" என்றேன்.

"வெளியில போம், பிள்ளை," என்றார் வின்சன்ட். அவள் கைப்பையை எடுக்க மறந்து போனாள். என்னை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் புல்மோட்டைக்கு நேரே வெகு தூரத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது. சஜீத் அதில் தன்னைக் கட்டியிருந்தார். முந்தின இரவு நஸ்ரி பிடியை விட்டுக் கடலில் போய்விட்டதாக அவர் சொன்னார். நஸ்ரியின் உடல் பிறகு கரை ஒதுங்கியது. ஆஸ்பத்திரியில் சஜீத் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். ரெண்டு தரமும் மணி போனது, நாங்க கேட்டனாங்க, அதனால பயப்படாமல் இருந்தனாங்க என்று. கையில் இருந்த தண்ணீரை முதல் நாள் அவர்கள் மிச்சம் பிடிக்கவில்லை. ஆள் வரும் என்று குடித்து முடித்துவிட்டார்கள்.

நான் பிடிபட்டது அவமானமான விதத்தில்தான். ஹுஸ்னியா ஏஐயோடு கூட்டாளியோடு கதைக்கிறமாதிரிக் கதைப்பவள். விறாந்தையில் என்னிடம் கேட்ட அன்றே அதற்கு எழுதியிருக்கிறாள்: 'டிலக்ஷன் சேரிடம் கேட்டேன், விரல் பட்டது என்கிறார், இரண்டையும் ஒன்றாக எடு.' திகதி, நேரம் எல்லாம் அதில் கிடக்கிறது. அதற்கு அது என்ன பதில் எழுதியது என்று நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். 'படகுக்காரர்களிடமும் ஒருமுறை கேட்பது நல்லது.' அவள் கேட்கவில்லை. சேர் சொன்னால் போதும் என்று விட்டிருக்கிறாள். ஆறு வருட அனுபவத்துக்கு அந்தப் பிள்ளை கொடுத்த மரியாதை அது.

ஆம், இரண்டு மணியும் எனக்குக் கேட்டது. அர்த்தமும் தெரியும், அர்த்தம் வைத்தவனே நான். தெரிந்துகொண்டு இருபது மணித்தியாலம் இருந்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் தேவையில்லாத ஆள் என்று எழுதாதீர்கள். நஸ்ரியின் ஜனாஸாவை அடக்கி ஒன்பதாம் நாள், விசயம் வெளியே வருமுன், ரிப்கா தொலைபேசியில் எடுத்தாள். அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"சேர், எண்ட தம்பி வாற கிழமை கடலுக்குப் போறான். மெசின நம்பி அனுப்ப ஏலாது. நீங்க அங்க இருப்பீங்கதானே?"