நாலாம் நம்பர் கேஜ்

— சிரிக்காதீங்க. கதவு திறந்திருக்கு. சார் காதுல விழுந்துடும்.

— சிரிக்காம எப்படி இருக்கறது? அவர் போட்டிருக்கற தலைப்பைப் பார்த்தியா? ‘வாயுவை விழுங்கும் பிளாஸ்மா’. பதினோரு மணிக்கு எண்பது பேர் முன்னாடி படிக்கப் போறார்.

— அதுக்கு ஒரே சாட்சி, வாயு அழுத்தத்தை அளக்கற என்னோட நாலாம் நம்பர் கேஜ். காந்தத்தைப் போட்ட உடனே அழுத்தம் சர்ருன்னு இறங்கிடுது. மத்த அஞ்சு கேஜும் அப்படிச் சொல்லலையே…

— அந்த அஞ்சும் தப்பாம். சார் முடிவு கட்டிட்டார்.

— காலையில யாருக்கும் தெரியாம ஒரு சோதனை ஓட்டினீங்களே. பிளாஸ்மா இல்லாம, வெறும் வாயு, வெறும் காந்தம்…

— அது உனக்கு எப்படி…

— வால்வு உங்க கையில, கேஜ் என் கண்ணுல. நாலு அப்பவும் இறங்கிச்சு. விழுங்கறதுக்கு உள்ள பிளாஸ்மாவே இல்லை.

— அப்ப கேஜ் குறுக்கால உக்காந்திருக்கு.

— ஆமா. கேஜுக்குள்ள சூடான கம்பியிலேர்ந்து கிளம்பற எலக்ட்ரான் காந்தப்புலம் போற பக்கம்தான் போகும். கேஜ் குறுக்கால இருந்தா போய்ச் சேராது. அழுத்தம் இல்லாத மாதிரி காட்டும்.

— மாட்டினது நீ.

— ஓஹோ. வீட்டுல பால் பொங்கினாலும் நான், இங்கயும் நானா?

— விளையாட்டை விடு. இப்பவே சொல்லலைன்னா சார் மானம் போயிடும். சொன்னா, ‘யார் மாட்டினது’ன்னுதான் முதல் கேள்வி. அப்புறம் உனக்கு லேப் கிடையாது, கையில ஸ்டோர் ரூம் சாவிதான்.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு…

— நீ போகாத. நான் போய் என் தப்புன்னு சொல்லிக்கறேன்.

— என்ன திடீர்னு இவ்வளவு பாசம்?

— அது… அந்த கேஜை நானும் தொட்டேன்.

— எப்ப?

— பிளாஸ்மா கலனை மூடறதுக்கு முந்தின நாள். சுவர்த் தகட்டுக்குப் பின்னாடி சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். நீ குறுக்கால மாட்டியிருந்த. சொன்னா உன் முகம் வாடிடுமேன்னு, சத்தமில்லாம கால் சுத்து திருப்பி நேராக்கிட்டேன்.

— நேராக்கினீங்களா? நல்லாப் பார்த்தீங்களா?

— ரெண்டு தடவை. திருகைத்தான் சரியா இறுக்கலையோ என்னவோ. அதான் மறுபடி நழுவிடுச்சு.

— நகருங்க. சார்கிட்ட நானே போறேன்.

— ஏன்? திருகை விட்டது நான்தானே?

— திருகு நல்லா இறுக்கமாத்தான் இருந்துச்சு. மூடற அன்னிக்குக் காலையில, குறுக்கால மாட்டிட்டோமேன்னு எனக்கே ஞாபகம் வந்துடுச்சு. உங்ககிட்ட சொன்னா ஆயுசுக்கும் கேலி பண்ணுவீங்களேன்னு, தகட்டுக்குப் பின்னாடி கையை விட்டு, கண்ணால பார்க்காமலே கால் சுத்து திருப்பிட்டு வந்துட்டேன்.