அந்த ரெண்டு வரியை ஏன் எடுத்தேன்னா

எமுலேட்டர் எழுதறது தொழில் இல்லைங்க டாக்டர், பொழுதுபோக்குன்னு போட்டுக்கோங்க. சம்பளத்துக்குப் பாக்கறது லிஃப்ட் கம்பெனில. ரிப்பேர் பண்றவங்களுக்கு மேல நிக்கற ஆளு நான். வேலை எடத்துல சத்தமா? மோட்டார் ரூம்ல போய் நின்னா இருக்கத்தான் செய்யும். அதையும் எழுதிக்கோங்க.

வீட்ல பேசறதெல்லாம் நல்லா கேக்குதான்னா... வீட்ல இப்ப பேச்சே கம்மிங்க. வெளிய நாற்காலில உக்காந்திருக்காளே, என் வீட்டுக்காரிதான், என்கிட்ட முகம் கொடுத்துப் பேசி மூணு மாசம் ஆச்சு. இங்க நேரம் வாங்கினது பொண்ணு. ரெண்டு பேரும் சேந்துதான் போகணும்னு அவதான் ஆட்டோல ஏத்தி விட்டா. வழி பூரா ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பாத்துக்கிட்டு வந்தோம்.

அது இருக்கட்டும். எமுலேட்டர்னா என்னன்னு கேட்டீங்கல்ல? ரொம்பச் சுலபம். எங்க காலத்துல ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு, டைப்ரைட்டர் சைசுக்கு, டிவில சொருகணும். இன்னைக்குத் தேடினாலும் கெடைக்காது, கெடைச்சாலும் உயிரோட இருக்காது. அது எப்படி நடந்துக்குமோ அப்படியே இன்னைய லேப்டாப்புக்குள்ள நடிச்சுக் காட்டற புரோகிராம்தான் எமுலேட்டர். பழைய கேமை அதுல போட்டா, பாவம், தான் எங்க இருக்கோம்னே தெரியாம ஜம்முனு ஓடும். ஊருக்கு ஒண்ணா எங்களை மாதிரி கிறுக்குங்க சேந்து அதைக் கட்டிக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம். சிரிங்க சிரிங்க, எங்க சொந்தக்காரங்க சிரிக்காததையா நீங்க சிரிச்சுடப் போறீங்க.

அதுல டிரைவர்னு ஒரு ஃபைல் இருக்கு. எந்தச் சிப்பு எங்க உக்காந்திருக்கு, எது எதோட பேசும்னு சொல்றதுதான் அதோட வேலை. ஆனா மொதல்ல எழுதின புண்ணியவான் கீபோர்டு, டேப்பு, ஸ்க்ரீன், சத்தம் போடற சிப்பு, எல்லாத்தையும் அந்த ஒரே ஃபைலுக்குள்ள திணிச்சு வெச்சுட்டான். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு அலறும். அதே சத்தச் சிப்பு வேற சில மெஷின்லயும் இருக்கா, அங்கயும் இதே புரோகிராம் வரிகளைக் காப்பியடிச்சு ஒட்டிட்டாங்க. ஒரு தப்பைத் திருத்தணும்னா ஒவ்வொரு வீடா போய்க் கதவைத் தட்டணும்.

நான்தான் கையைத் தூக்கினேன். சிப்பைத் தனியா பிரிச்சுடலாம், டிவைஸுன்னு தனி ஃபைல் ஆக்கிடலாம், எந்த மெஷினுக்கு வேணுமோ அது கூப்பிட்டுக்கட்டும்னு. கூட்டுக்குடும்பத்துலேருந்து ஒரு பையனைத் தனிக்குடித்தனம் வைக்கற மாதிரிங்க. எந்தப் பாத்திரம் யாரோடதுன்னு பாத்துப் பாத்துப் பிரிக்கணும். அசந்தா அடுத்த வீட்டு அண்டாவைத் தூக்கிட்டு வந்துடுவோம்.

ஏன் நானா? எங்க குழுவுல எனக்குப் பட்டப்பேரே பாம்புக்காதுங்க! அட, நெசமாத்தான். ஒரு பாட்டுல ஒரு சுரம் இம்மி பிசகினாலும் நான் பிடிச்சுடுவேன். சத்தம் சம்பந்தமா யார் என்ன எழுதினாலும், பாம்புக்காது சரின்னு சொன்னாத்தான் உள்ள போகும். சரி, பட்டப்பேரைக் கார்டுல எழுதாதீங்க.

அப்படிப் பிரிக்கறப்போ ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு. சிப்புலேருந்து வர்ற சத்தத்தை லேசா மழுக்கற மாதிரி ரெண்டே வரி. பக்கத்துல ஒரு விளக்கம் கிடையாது. சிப்போட கையேட்டைப் புரட்டினேன், அப்படி ஒரு சமாச்சாரமே அதுல இல்ல. சரி, நம்ம காது எதுக்கு இருக்குன்னு, அந்த வரியை வெச்சு ஒரு தடவை கேட்டேன், எடுத்துட்டு ஒரு தடவை கேட்டேன். துளி வித்தியாசம் இல்ல. குப்பைன்னு தூக்கிக் கடாசிட்டு, ஜோரா இருக்குன்னு எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

மறுநாளே ஒரு பல் டாக்டர், அவங்களும் எங்க குழுதான், லீவு நாள்ல சோதிச்சுப் பாத்துச் சொல்ற பொம்பளை, எழுதறாங்க. சார், ஒரு விசில் சத்தம் விடாம வருது, காது கூசுதுன்னு. எனக்கு வந்துச்சே கோவம்! யார்கிட்ட? பாம்புக்காதுகிட்ட! அம்மா, நாள் முழுக்கப் பல்லைக் குடையற மெஷின் பக்கத்துல நிக்கறீங்க, ஒருவேளை அந்த விசில் உங்க காதுக்குள்ளயே குடியேறியிருக்கும், நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்கன்னு எழுதிட்டேன். இப்ப யாரு எங்க வந்து உக்காந்திருக்கா பாருங்க.

அதோட விட்டுச்சா? வீட்ல ஸ்பீக்கர்ல போட்டேன். எங்க நாய் சோஃபாக்குக் கீழ சொகமா படுத்திருந்துச்சு, எந்திரிச்சு வெளிய போயிடுச்சு. பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடி வரா. அப்பா, அதை நிறுத்துங்க மொதல்லன்னு கத்தறா. எதைம்மா நிறுத்தன்னு கேக்கறேன் நான். விளையாடறேன்னு நெனச்சா.

அப்புறம்தான் அந்தச் சத்தத்தைப் படமா வரைஞ்சு பாத்தேன். அதுக்குன்னு புரோகிராம் இருக்குங்க, எந்த உயரத்துல எவ்வளவு சத்தம்னு கோடு கோடா காட்டும். மேல, கீச்சுச் சத்தம் வர்ற எடத்துல, ஒத்தைப் பனைமரம் மாதிரி ஒரு கோடு நெட்டுக்குத்தலா நிக்குது. கண்ணுக்குத் தெரியுது, காதுக்கு ஒண்ணுமே இல்ல. வால்யூமைத் திருகித் திருகி முழுசா வெச்சுட்டேன். ஊஹூம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிச்சாரு.

விஷயம் என்னன்னா, அந்த ரெண்டு வரி சிப்போடதே இல்லைங்க. அந்த மெஷினோடது. சிப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வெச்சிருந்திருக்காங்க, கீச்சுச் சத்தத்தை மட்டும் முழுங்கறதுக்கு. அதைத்தான் அந்தப் புண்ணியவான் ரெண்டு வரில எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான். டிரைவர்லயே விட்டிருக்கணும். இப்ப திருப்பி அங்கயே வெச்சுட்டேன், பக்கத்துல விளக்கமும் எழுதிட்டேன். பல் டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. சத்தத்தை இனிமே நீங்களே பாத்துக்கோங்கம்மான்னும் சொல்லிட்டேன். இல்லைங்க, வருத்தமெல்லாம்... இருக்கு. இருக்காதா? பேரே அதுதானே எனக்கு.

ஆனா நான் இங்க வந்தது அதுக்கு இல்லைங்க.

மூணு மாசம் முன்னாடி என் மச்சான், இவளோட தம்பி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரில சேந்துட்டான். நான் இதே சிப்போட மாரடிச்சுக்கிட்டு ஸ்க்ரீனைப் பாத்து உக்காந்திருக்கேன். இவ சமையல்கட்டுலேருந்து சொல்லியிருக்கா. தம்பிக்கு இப்படி ஆயிடுச்சாம், வாங்க போவோம்னு. ரெண்டு தடவை சொல்லியிருக்கா. குழாய்ல தண்ணி வேற ஓடுது. அவளுக்குக் குரலே மெல்லிசுங்க, கீச்சுன்னு இருக்கும், பதறினா இன்னும் மேல போயிடும். நான் திரும்பலை. கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா போயிட்டா. திரும்பி வந்தப்போ நான் கேக்கறேன், எங்க போயிட்டு வரே, காபி கெடைக்குமான்னு. எப்படிப் பாத்தா தெரியுமா என்னை?

மச்சான் நல்லாத்தான் இருக்கான் இப்போ. ஆனா நீ சொல்லவே இல்லைன்னு நான் சத்தியம் பண்றேன், சொன்னேன்னு அவ சத்தியம் பண்றா. நானும் இத்தனை நாள் அவதான் பொய் சொல்றான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க. ஸ்க்ரீன்ல அந்தக் கோட்டைப் பாத்த அன்னைக்குத்தான் புரிஞ்சுது. சொல்லியிருக்கா. பாவி, ரெண்டு தடவை சொல்லியிருக்கா.

சொல்லாம இருப்பேனா? சொன்னேன். காது கேக்கலைடின்னேன். வசதியாத்தான் போச்சுன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கோட்டைக் காட்டினேன். உங்க மெஷின் நீங்க சொல்லிக் கொடுக்கறதைத்தானே சொல்லும்னா. அதுவும் நியாயம்தானே.

அதான் டாக்டர், நல்லா பாருங்க. இங்க வர்றவங்க எல்லாம் காது நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வருவாங்க. எனக்கு அது கெட்டுப் போயிருக்கணும். கேட்டும் திரும்பாத மனுஷன்னு ஆயிடக் கூடாது, அவ்ளோதான்.

ஆங், ஹெட்ஃபோனை மாட்டியாச்சு. சத்தம் வந்தா கையைத் தூக்கணும், சரி. முடிஞ்சதும் என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, மொதல்ல அவளை உள்ள கூப்பிடுங்க. கூப்பிட்டு, நல்லா சத்தமா, அவளைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கேக்கலைன்னாலும் பரவாயில்லைங்க.