நான்கில் வந்த குரல்

ராத்திரி மணி ஒன்றரை. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலை... ஒரு லாரிகூட இல்லை. சுண்ணாம்பில் ஊறும் தோலின் நாற்றம் மட்டும். சாலையோரம் ஒட்டினாற்போல் இரண்டே வீடுகள். ஒன்றின் மாடியறையில், காதில் ஹெட்போனோடு சத்தார். நம்ம தெருப் பையன் தானிஷுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா. கிட்டே வந்து உட்காருங்கள், இதை உரக்கச் சொல்ல எனக்கே தைரியமில்லை.

மனிதருக்கு ரேடியோ பைத்தியம். ரொம்பத் தாழ்ந்த அலைகள் சாதாரண ரேடியோவுக்கு எட்டாது. ஊர் மோட்டாரெல்லாம் அடங்கின பிறகுதான் காதிலும் விழும். அதற்காக ஒரு கன்வெர்ட்டர் செய்தார். வருகிற அலையோடு நான்கு மெகாஹெர்ட்ஸைக் கூட்டி ரேடியோவுக்கு ஏற்றிக் கொடுக்கும். ஆனால் பக்கத்து ஸ்டேஷனின் சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் அமுக்கியது. அதை வாசலிலேயே தடுக்க ஒரு ஃபில்டர். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிச் சுற்றி விரல் கன்றிப்போனது.

அன்று பாட்டு ஒழிந்தது. முள்ளை நான்குக்குக் கொண்டுவந்தார். கூட்டின நான்கு மட்டுமே இருக்கும் இடம் அது, வெளியிலிருந்து வருகிற அலை பூஜ்ஜியம். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிரிஸ்டலின் விசில் தவிர எதுவும் கேட்கக் கூடாது.

டொக்... டொக்... டொக்.

மரத்தில் தட்டுகிற சத்தம். சத்தாருக்குப் பழகின தட்டு.

தோல் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன் அவர். தோலைப் போட்டு உருட்டுகிற வீடளவு மர டிரம்மை ஓடவிடும் முன் மூன்று தட்டு தட்டி, உள்ளே ஆளிருக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். ஆறு மாதம் முன்பு, லோடு லேட்டாகிறதென்று தட்டின கையோடு சுவிட்சைப் போட்டார். உள்ளே கழுவிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு வாஹித் பாஷா. “தட்டுனேன், பதிலே வரல” என்று போலீஸிடம் சொன்னார். வாஹித்தின் மனைவி இஃப்ராவிடம் சத்தியமே செய்தார். பாவி, பதில் வந்தது.

இப்போதும் வந்தது.

“இரு சத்தார்... உள்ள இருக்கேன்.”

ஃபில்டரில் இன்னொரு காயிலைச் சேர்த்தார். இரைச்சல் குறைந்தது, குரல் கிட்டே வந்தது. ஏரியல் கம்பியையே பிடுங்கினார். இப்போது மூச்சும் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பினால்... அறை வாசலில் இஃப்ரா.

“எனக்கு ரேடியோலாம் வேணாம் பாய். ஆறு மாசமா சும்மாவே கேக்குது.”

“இன்னா... இன்னா கேக்குது?”

“நீங்க தட்டுறது. வரலன்னு சொன்னீங்களே, அந்தப் பதிலு. அதோட நின்னுடும். மீதி எனக்கு வராது.”

கீழே கிடந்த ஹெட்போனை எடுத்துத் துடைத்தாள். சத்தாரின் காதில் பொறுமையாக மாட்டினாள்.

“மீதிய நீங்க கேளுங்க.”

மோட்டார் உறுமத் தொடங்கியது. தண்ணீர் சளசளத்தது. கனமான ஏதோ ஒன்று மேலே போய்... தொப்பென்று விழுந்தது. மறுபடி மேலே போனது. கழற்றப் பார்த்தார், ஹெட்போன் காதோடு ஒட்டியிருந்தது.

இஃப்ரா எதிரில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மாதம் முன்பு அந்த டிரம் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது.